வெண்கல ஏசுதாசன்

டிரிங்… டிரிங்…

தேனி டிராவலர்ஸ் பங்களா. துணை மந்திரி தங்கபாண்டி ரிசீவரை எடுத்தார்.

"அண்ணே… ஜெபராணி. அவுக வந்துட்டாக!"

"யாரும்மா?"

"செத்துப்போன என் வீட்டுக்காரரு!"

தங்கபாண்டிக்கு வியர்த்தது.

அறுபத்தேழு தேர்தலில் கட்சித் தொண்டனான அவள் புருஷன் ஏசுதாசனை எதிர்க்கட்சிக்காரர்கள் முல்லையாற்றில் தள்ளிக் கொன்றார்கள் என்று கதை. கரையில் செருப்பு மட்டும் கிடந்தது. வெள்ளைப் புடவையில் ஜெபராணியை மேடையேற்றி ஜெயித்தார் தங்கபாண்டி. தேர்தலுக்குத் தேர்தல் அதே புடவை… அதே அழுகை… 'ஏசுதாசன் சாகலை, நம்ம நெஞ்சுல வாழுறான்' என்று தங்கபாண்டியின் அதே முழக்கம்! தியாகிக்குக் கம்பம் ரோட்டில் வெண்கலச் சிலை வேறு.

செருப்பைப் போட்டதே தங்கபாண்டிதான்! ஆளை கேரள எல்லை தாண்டி வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் ஒளித்து வைத்ததும் அவர்தான்.

காரின் கொடியைக் கழற்றிவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு ஜெபராணியின் ஊரான கோம்பைக்குப் பறந்தார்.

"எங்கன இருக்கான்?"

"அடுப்படியில. நாளைக்கு ஒங்க கூட்டத்துல மேடை ஏறப் போறாகளாம்."

தங்கபாண்டி ஒரு பாட்டிலை நீட்டினார்.

"தோட்டத்துப் பூச்சி மருந்து. காப்பியில கலந்து குடு."

"கொலைண்ணே!"

"கிறுக்கி! செத்தவனைக் கொன்னா எந்தக் கோர்ட்டுல கேஸ்?"

"அவுக உசுரோட இருக்கது ஒங்களுக்கு முன்னமே தெரியுமாண்ணே?"

"எல்லாம் கட்சிக்காகத்தாம்மா."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இவருக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். நிஜமாக அழுதவள் அவள் ஒருத்திதான்.

உள்ளே போனாள். இரண்டு டம்ளரோடு வந்தாள். ஒன்றை அவரிடம் கொடுத்தாள்; மற்றது உள்ளே இருப்பவனுக்கு என்று ஜாடை காட்டினாள்.

இத்தனை வருடம் சொன்னதைத் தட்டாதவள்! தங்கபாண்டி டம்ளரைப் பார்க்கவே இல்லை. மடமடவென்று குடித்தார்.

சரிந்தார்!

ஏசுதாசன் அலறிக்கொண்டு ஓடி வந்தான்.

"அடியே! மந்திரியைக் கொன்னுட்டியா?"

"நானா? மூடி இறுகிருக்குன்னு ஒன்கிட்டதான தெறக்கக் குடுத்தேன்? பாட்டில்ல இருக்கது ஒன் கைரேகை."

முதல் முறையாக அவனை 'நீ' என்றாள். நாக்கு கூசவில்லை.

"குமுளி பஸ் வந்துரும். ஓடு! இனி நீ உசுரோட வந்தா தூக்கு. செத்தே கெட!"

ஓடினான்.

இன்ஸ்பெக்டர் நல்லகண்ணு வந்தார்.

"விஷம் வச்சது யாரும்மா?"

"என் வீட்டுக்காரரு."

"அவரு செத்து பதிமூணு வருஷமாச்சேம்மா!"

"சாகலைன்னு மேடைக்கு மேடை மந்திரி சொன்னாகளே… நீங்களும்தான பந்தோபஸ்துக்கு நின்னு கேட்டீக!"

"ஆளு எங்கம்மா இப்ப?"

ஜெபராணி வெள்ளைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கம்பம் ரோட்டுலதான் சார் நிக்கிறாக… போயி வெலங்கு மாட்டுங்க. மால மட்டும் கழட்டிருங்க, மந்திரி போட்டது!"