பெண்கள் பக்கத்துக் கதவு

குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மகள் காய்ச்சலோடு படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கணவன் காலையிலேயே பேருந்து ஓட்டக் கிளம்பிவிட்டான். உள்ளே ஆள் இருக்க வழியே இல்லை. என்றாலும் அவள் இரண்டு தட்டு தட்டினாள். தட்டியதற்குத் தன்னையே நொந்துகொண்டு நிற்கையில், தாழ்ப்பாள் மெல்ல விலகும் சத்தம் கேட்டது. உள்ளே தரையில் ஈரம்கூட இல்லை. துணி கருகிய வாடை மட்டும், யாரோ இப்போதுதான் அங்கே நின்றுவிட்டுப் போனதுபோல, கனமாகத் தேங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. நூலகர் வந்திருந்தார். ஊர் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த அவருக்கு, இந்த அடுக்குமாடி எழும்புவதற்கு முன் இதே இடத்தில் இருந்த பழைய தியேட்டரைப் பற்றி விவரம் வேண்டும். அங்கே பெண்கள் பக்கத்தில் டிக்கெட் கிழித்தவள் இவள்தான்.

“மூட்டைப்பூச்சிக்கும் தனி டிக்கெட் கிழிம்மான்னு மேனேஜரே சொல்வாரு” என்றாள். நூலகர் சிரித்துக்கொண்டே எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தினார்.

“அக்கா, அந்த மேட்னியில தீப்பிடிச்சப்போ... பதினோரு பேரு செத்தாங்களே. பெண்கள் பக்கத்துக் கதவு எப்படி மூடியிருந்துச்சு?”

“பதட்டத்துல அவங்களே உள்ள தாழ் போட்டுக்கிட்டாங்க.”

இருபத்து நான்கு வருடங்களாக நாக்கு நுனியிலேயே இருந்த பதில். விசாரணையிலும் இதைத்தான் சொன்னாள். செத்தவர்கள் வந்து மறுக்கவா போகிறார்கள்? டிக்கெட் இல்லாமல் யாரும் நுழையக்கூடாதென்று வெளித்தாழைப் போட்டுவிட்டு, பின்னாளில் கணவனானவனோடு தெருமுனையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவள் அவள். புகையைக் கண்டு ஓடிவந்து, யாரும் பார்ப்பதற்குள் தாழை விலக்கினாள். அதற்குள் உள்ளே சத்தம் அடங்கியிருந்தது.

அதைவிடப் பெரிய கூச்சம் ஒன்று உண்டு. இறந்தவர்களில் ஒருத்தியின் அம்மா மறுநாள் தேடி வந்து, “எம்பொண்ணு புத்திகெட்டுத் தாழ் போட்டுட்டாளாமே, உனக்கு எவ்வளவு சங்கடம், மன்னிச்சுக்கம்மா” என்று கையைப் பிடித்து அழுதாள். இவள் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தாள். மன்னித்தாள்.

படுக்கையறையில் கதவு தட்டும் சத்தம்.

“அம்மா! கதவத் திற!”

ஓடினாள். கதவு அசையவில்லை. உள்ளே மகள் இருமினாள். அவளோடு சேர்ந்து இன்னொரு இருமல். இன்னும் ஒன்று. ஒரு அறை கொள்ளாத இருமல்.

“என்னக்கா ஆச்சு?” நூலகர் கூடத்திலிருந்து கேட்டார்.

யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. “ஒண்ணுமில்ல. புள்ள உள்ள தாழ் போட்டுக்கிச்சு.”

இருமல் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது.

“நான் போடலம்மா” என்றது மகளின் குரல், கதவுக்கு மிக அருகில். “இவங்களும் போடலையாம்.”

நூலகர் பக்கத்தில் வந்து நின்றார். “அக்கா... வெளித்தாழ் மேல உங்க கைதானே இருக்கு?”

குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கைதான். வெளித்தாழைப் போட்டு, விரல் முட்டி வெளுக்க அழுத்திப் பிடித்திருந்தது.

எடு என்றாள் மனதுக்குள். எடுக்கவில்லை. நூலகர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். பிரித்த விரல் திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது. கதவடியில் கரும்புகை. நான்தான் போட்டேன், நான்தான் என்று கத்த வாயைத் திறந்தாள்.

“அவங்களே... போட்டுக்கிட்டாங்க.”

மறுபடியும் வாயைத் திறந்தாள். அதே சொல்.

உள்ளே தட்டல் தளர்ந்தது. ஒன்று. வெகு நேரம் கழித்து, இன்னொன்று.

பிறகு இந்தப் பக்கம், அவள் கண்ணெதிரே, கதவின் பெயிண்ட் ஒரு சின்ன உள்ளங்கை அளவுக்குக் கொப்புளித்தது. அதைச் சுற்றி மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, இன்னும் பதினோரு உள்ளங்கைகள்.