கதவுக்கு அந்தப் பக்கம்

கதவைத் தட்டுவதற்குள் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

வெறும் ஒத்திகைதான். குழந்தைகள் பாதுகாப்புப் பணிக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூன்றாம் நாள் பயிற்சி. உள்ளே கோபக்கார அப்பாவாக ஒருவர் நடிப்பார். நிதானமாகப் பேசி, குழந்தையைப் பார்க்க அனுமதி வாங்க வேண்டும். ஜன்னலில் மழை சடசடத்தது.

தட்டினாள்.

"எவ அது? என் பிள்ளைய பார்க்க நீ யாரு?"

படாரென்று கதவைத் திறந்தவன் முதியோர் நலப் பிரிவிலிருந்து மாற்றலாகி, அன்றுதான் பயிற்சிக்கு வந்தவன். அவள் அதுவரை அவனைப் பார்த்ததில்லை. கையிலிருந்த ஃபைலைப் போட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினாள்.

பின்னாலேயே வந்தான். "ஐயோ... சும்மா நடிச்சேங்க!"

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். இப்படிக் கத்தியவனுக்கா இவ்வளவு சாதுவான கண்கள்...

"இனிமே என் பக்கமே வராதீங்க."

"சரிங்க. கொஞ்சம் தள்ளியே வர்றேன்."

சிரிப்பு முட்டியது. வீம்புக்கு அடக்கிக்கொண்டாள்.

இரண்டு வாரம் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். ஓரக்கண் மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை! கடைசி வாரம் பயிற்சியாளர் அம்மா இருவரையும் ஜோடியாக ஒரு நிஜ வீட்டுக்கு அனுப்பினார்.

மூன்றாவது மாடி. உள்ளே பாத்திரம் உருண்டது... ஓர் ஆணின் கூச்சல்... நடுவே ஒரு குழந்தையின் விசும்பல். திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் வெளிறி, சுவரோடு ஒட்டி நின்றான்.

"என்னால முடியலங்க..."

"போலீஸுக்கு போன் பண்ணுங்க" என்று கிசுகிசுத்துவிட்டுத் தட்டினாள். "சார், சண்டைக்கு வரல. பாப்பாவ ஒரு நிமிஷம் பார்க்கணும்..." கதவு திறந்த வேகத்தில் முகத்தில் அறைந்தாற்போல் மூடிக்கொண்டது. மறுபடி தட்டினாள். போலீஸ் வரும்வரை தட்டிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

குழந்தையைப் பத்திரமான கைகளில் ஒப்படைத்த பிறகு, பஸ் நிறுத்தத்தில் இருவரும் மழைக்கு ஒதுங்கினார்கள்.

"அன்னைக்கு நான் கத்தினது எங்கப்பா குரல்ங்க" என்றான் திடீரென்று. "வாயத் திறந்தேன், அப்படியே வந்துடுச்சு. நாளைக்கு எனக்குன்னு ஒரு வீடு இருந்தா அங்கயும் வந்துடுமோன்னு பயம். அதான் கல்யாணமே வேணாம்னு இருந்தேன்..."

"இருந்தேன்னா?"

"உங்களைப் பார்க்கிற வரைக்கும்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்லயும் அப்படி ஒரு குரல் இருந்துச்சு. அதான் ஓடினேன்."

அவன் தலை கவிழ்ந்தான். "அப்போ... என்னைப் பார்த்தா பயமாத்தான் இருக்கும்."

"இருக்கு" என்றாள். பஸ் வந்தது, அவள் ஏறவில்லை. "பயந்துகிட்டேதான் சொல்றேன்... உங்களைத்தான் பிடிச்சிருக்கு."