தையல் கடைக்குள் பாய்ந்த சூரன்

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்து. ரெனிட்டாவின் தையல் கடையில் தைத்து முடியாத ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. தெருவில் ஒரு சரவெடி... அடுத்த நொடி, வெள்ளை வெளேரென்று ஒரு நாய் கடைக்குள் பாய்ந்து மேசைக்கு அடியில் சுருண்டது.

அவள் கத்தவில்லை. கதவைச் சாத்தினாள். மேசைமேல் போர்வையை விரித்து நாலு பக்கமும் தொங்கவிட்டாள். பிறகு மோட்டார் மெஷினை ஓட்டத் தொடங்கினாள். அந்தச் சீரான சத்தத்தில் வெளியே வெடித்தது மங்கியது. நாயின் நடுக்கமும் மெல்ல மெல்லக் குறைந்தது...

கதவு தடதடத்தது. திறந்தால், தூறலில் நனைந்த ஓர் இளைஞன். கையில் சங்கிலி.

"என் நாய் இங்க வந்துச்சா? லோடு ஆட்டோவுல இருந்து குதிச்சிட்டான். ஏலே சூரா, வெளிய வாலே!"

"பேரு சூரனா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. "சத்தம் போடாதீக. இப்பத்தான் அடங்கிக் கெடக்கான். வெடி ஓயட்டும், பொறவு கூட்டிட்டுப் போங்க."

"ராஜபாளையத்து நாய்ங்க! வெடிக்குப் பயந்தா எங்கப்பாவுக்கு மானம் போயிரும்."

"நம்மளைவிட அவனுக்குக் காது கூர்மை. பயந்தா தப்பா?"

நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். அந்த இளைஞன், பாண்டிச்செல்வம், அவள் முகத்தையே பார்த்தான். என்ன கண்கள்... கோபத்திலும் இரக்கம் ததும்புகிற கண்கள்! ஆனாலும் வீம்பு விடவில்லை. நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை ராஜபாளையத்து வீட்டில் சூரன் தண்ணீரில்கூட வாய் வைக்கவில்லை. கட்டிலுக்கடியில் ஒளிந்தவனை அப்பா கருத்தப்பாண்டி இழுத்து வந்து வாசலில் கட்டினார். "சத்தம் பழகட்டும்ல!" என்றார். அடுத்த வெடிக்கே சூரன் திமிறியதில் கழுத்தில் ரத்தம் கசிந்தது.

பாண்டிச்செல்வம் ஓடிப்போய்ச் சங்கிலியை அவிழ்த்தான். "மானம் போனா போகட்டும்ப்பா. இவன் செத்துருவான்." அப்பாவை அவன் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை. சூரனைத் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியை விரட்டினான்.

கடை பூட்டியிருந்தது. மாடி வீட்டிலிருந்து ரெனிட்டா இறங்கி ஓடி வந்தாள்.

"நேத்து நான் பேசுனது..."

"பேச்சு பொறவு. மொதல்ல அவனை உள்ள விடுங்க."

புண்ணைத் துடைத்து மருந்து போட்டாள். தைக்க ஒன்றுமில்லை, துண்டுத் துணியை வைத்தே மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். தட்டிக் கொஞ்சவில்லை, அதட்டவுமில்லை. சும்மா அருகில் இருந்தாள். தரையில் உட்கார்ந்து பார்த்த பாண்டிச்செல்வம் வியந்துபோனான். எம்புட்டுப் பொறுமை இந்தப் பொண்ணுக்கு!

மத்தியானம் மழை கொட்டியது. தெரு அடங்கியது. சூரன் மேசைக்கு அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்தான்... அவள் மடியில் தலை வைத்தான். அவள் கையிலிருந்தே தயிர்சோறு தின்றான்.

"என்னங்க..." பாண்டிச்செல்வம் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். "உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கட்டிக்கிடணும்னு ஆசை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாங்க வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக. உங்கப்பா என்ன சொல்வாரோ?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிடுதேன். உங்க மனசு என்ன?"

அவள் குனிந்து சூரனின் காதை வருடினாள். முகம் சிவந்திருந்தது.

"கிறிஸ்துமஸுக்கும் எங்க தெருவுல வெடி போடுவாக... இவனோட முந்துன நாளே வந்துருங்க. அம்மாகிட்ட சொல்லி வைக்கேன்."

"என்னன்னு?"

"எனக்குப் பிடிச்சவுக வாராகன்னு."