இல்லை என்று சொன்ன இருவர்

பிற்பகல் 2.40.

அமிர்தவள்ளியின் கைப்பையைத் தோல் தொழிற்சாலை ஷெட்டின் நடுவே, எல்லாரும் பார்க்க, மேசைமேல் கவிழ்த்தார்கள். சீப்பு, சர்க்கரை மாத்திரை, ஜெபமாலை, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். தேடிய பொருள் மட்டும் இல்லை. அத்தனையையும் அப்படியே அள்ளி முதலாளியின் அறையில் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

தேடியது உள்ளங்கை அகலத் தோல் துண்டு. இந்த நிறம்தான் வேண்டும் என்று இத்தாலிக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரித் துண்டு. அதன் ஜோடி இத்தாலியில் இருக்கிறது. ஆம்பூரில் இருந்த துண்டு கறுப்புத் துணிப் பையில், அமிர்தவள்ளி சாவி வைத்திருந்த அலமாரியில் இருந்தது. மதியம் திறந்தால் உள்ளே கையெழுத்தில்லாத வேறு துண்டு. சரக்கை ஒப்பிட இத்தாலிக்காரரின் ஆள் நாலு மணிக்கு வருகிறார். கண்டெய்னர் நாளை கிளம்ப வேண்டும்.

"பையில இல்லன்னா வேற எங்கயாவது ஒளிச்சிருப்பா. ஸ்டேஷனுக்குச் சொல்லிட வேண்டியதுதான்," என்றார் முதலாளி சர்தார் பாஷா.

கார் சாவி வாங்க வந்த அவருடைய தங்கை ரஃபத் ஜஹானுக்குச் சுருக்கென்றது. வேலூரில் ஒரு கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுப்பவள்.

"பாய்ஜான், பையில இருக்கான்னு கேட்டா அதுக்கு முடிவு இருக்கு. கவிழ்த்தீங்க, பார்த்தீங்க, இல்ல. வேற எங்கயாவதுன்னா அது எப்போ முடியும்? பேர்ணாம்பட்டு வரைக்கும் தேடினாலும் இல்லன்னு சொல்ல முடியாது. அமிர்தாக்கா சாகுற வரைக்கும் திருடிதான்."

"இங்க இன்னா கிளாஸா நடக்குது?" என்றார் அண்ணன்.

பையில் இருக்கிறதா என்பது போன்றதை வகுப்பில் அவள் தீர்மானிக்கக்கூடிய கேள்வி என்பாள். வரிசையாகச் செய்துகொண்டே போனால், ஆம் அல்லது இல்லை என்று நின்றே தீருகிற ஒரு வழி அதற்கு இருக்க வேண்டும். வேறு சில கேள்விகள், பொருள் கிடைத்தால் ஆம் என்று நிற்கும். கிடைக்காவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். சந்தேகம் அந்த இரண்டாவது வகை. அது இப்போது அவள் மனதிலேயே ஓடத் தொடங்கியது. ஒப்பிடத் துண்டே இல்லாமல் கண்டெய்னர் கிளம்பினால் யாருக்கு லாபம்? எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்குத்தான். அப்படி நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

"காலைல இன்னா நடந்துச்சு, அமிர்தாக்கா?"

"உமர் சார் கலர் பார்க்கணும்னு கேட்டாரு. பையை எடுத்துட்டுப் போய் அவரு தோல் அடுக்குல, மேலாக்க இருந்த சூட்டுத் தழும்புத் தோல் மேல வச்சேன். பார்த்து முடிச்சதும் ஜெயப்பிரகாஷ் தம்பி பையைக் கொண்டாந்து குடுத்துச்சு. நான் பிரிச்சுப் பார்க்கலைம்மா. அதான் நான் செஞ்ச தப்பு."

"அப்புறம்?"

"கை தவறி அசல் துண்டு தோலுக்கு நடுவுல விழுந்திருக்கும்னு சொன்னேன். உமர் சாரும் தம்பியும் ஆளுக்கு ஒரு அடுக்கா தேடினாங்க. ரெண்டு பேரும் இல்லன்னாங்க. உடனே என் பையைப் புடுங்கினாங்க."

3.15. ஷெட்.

மரத்தாங்கிகளில் பழுப்புத் தோல்கள் இடுப்புயரம் கிடந்தன. சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ் இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படித் தேடினீங்க?"

"ஒவ்வொண்ணா உருவி உதறி, பக்கத்துத் தாங்கியில போட்டேன் மேடம். எங்க வழக்கமே அதான். முதுகு போயிடுச்சு."

தர மேலாளர் உமர் ஃபாரூக் பக்கத்து அடுக்கின்மேல் முழங்கையை ஊன்றி நின்றிருந்தார். சட்டை மடிப்புக் கலையவில்லை.

"நீங்க?"

"நானும் அப்படியேதான், ஆபா. கடைசித் தோல் வரைக்கும் பார்த்துட்டேன். இல்ல."

அவர் முழங்கை ஊன்றியிருந்த அடுக்கின் உச்சித் தோலில், காசளவுக்கு ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. ரஃபத் அறைக்குத் திரும்பினாள்.

3.30. முதலாளி அறை.

எல்லாரும் கூடினார்கள். ரஃபத் தன் கைக்குட்டையில் எதையோ சுற்றி வைத்திருந்தாள்.

"கிடைச்சிடுச்சு," என்றாள். "உமர் சார், உங்க அடுக்குலதான் இருந்துச்சு."

"இருக்காது ஆபா."

"அவசரத்துல விட்டிருப்பீங்க."

"சான்ஸே இல்ல. அது அங்க இல்ல."

ரஃபத் கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே கார் சாவி.

"மேலேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பக்கத்துல போட்டா, மேல் தோல் அடிக்குப் போயிடும். காலைல மேல இருந்த தழும்புத் தோல் இப்பவும் மேலயே இருக்கு. நீங்க தேடவே இல்ல."

"அலுப்பா இருந்துச்சு," என்றார் உமர். "தேடாதது தப்புதான்."

"அலுப்புல விட்டவரா இருந்தா, உங்க அடுக்குல கிடைச்சுதுன்னதும் தலையைக் குனிஞ்சிருப்பீங்க. நீங்க இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொன்னீங்க. இல்லன்னு சொல்ல ரெண்டே வழிதான். ஒண்ணு, கடைசி வரைக்கும் தேடியிருக்கணும். இல்லன்னா அது எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும்."

உமர் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பாய்லர்ல போட்டுட்டேன்," என்றார் கடைசியில். "சரக்கு சிவப்பு ஏறிப்போச்சு. அதுக்கு ஓகே போட்டதே நான்தான். துண்டு இருந்தா பக்கத்துல வச்ச உடனே தெரிஞ்சிடும். இல்லன்னா ஆளாளுக்கு ஒரு கண்ணு, ஒரு பேச்சு. பேசிட்டே இருக்கிறப்ப வண்டி போயிடும்னு நினைச்சேன்."

முடிவுள்ள கேள்வியை முடிவில்லாததாக்கிவிட்டார், அந்த முடிவின்மைக்கு ஒரு பெண்ணைப் பலி கொடுத்தும்விட்டார்.

"துண்டு போச்சு. அப்போ கலர் சரியா இல்லையான்னு இனி இங்க யாரும் சொல்ல முடியாது, இல்லையா?" என்று சர்தார் பாஷா மெல்லக் கேட்டார். அண்ணனின் குரலில் இருந்தது ஏமாற்றமா ஆசையா என்று ரஃபத்துக்குத் தெரியவில்லை. அது அவளைப் பயமுறுத்தியது.

"சொல்லியாச்சு பாய்ஜான். பொருந்தியிருந்தா இவர் எதுக்கு எரிக்கணும்?"

பாஷா போனை எடுத்து, கண்டெய்னர் வேண்டாம் என்று நாலே வார்த்தையில் சொல்லி வைத்தார். அண்ணனைச் சந்தேகப்பட்டதை ரஃபத் எந்நாளும் அவரிடம் சொல்லப் போவதில்லை.

பாஷா மேசையருகே வந்து, சீப்பையும் மாத்திரையையும் பிஸ்கட்டையும் ஒவ்வொன்றாகக் கைப்பைக்குள் வைத்தார். ஜெபமாலையை மட்டும் இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். பையை நீட்டினார்.

அமிர்தவள்ளி வாங்கவில்லை.

"கவிழ்த்தப்போ ஷெட்ல எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க, பாய்," என்றாள்.

சர்தார் பாஷா தலையாட்டினார். அந்தப் பழைய கைப்பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு, அவளை முன்னால் நடக்கவிட்டு, ஷெட்டை நோக்கிப் போனார்.