யூனா படித்த காதல் கதை

பக்கம் புரளும் சத்தம் நின்று வெகு நேரமாகிவிட்டது.

டெர்வ்லா சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தபடியே காதைத் தீட்டிக்கொண்டாள். கூரை மேல் நவம்பர் மழை, கணப்பில் விறகுக்குப் பதில் சதுப்புமண் கட்டிகள் கனன்று புகையும் வாசம், கதவில் தொங்கும் ஈரக் கோட்டின் கம்பளி நாற்றம், இவற்றுக்கு நடுவே பக்கத்து அறையில் தங்கை யூனாவின் நாவல் மதியத்திலிருந்து சரசரத்துக்கொண்டுதான் இருந்தது. கணப்புக்கு மண்கட்டி எடுக்கக் கூடையோடு கொட்டகைக்குப் போய் வந்தாளே, அதற்குப் பிறகுதான் இந்த அமைதி.

நாவலா அது! மாய உலகத்து இளவரசன், வெள்ளி முடி, நாலு பக்கத்துக்கு ஒரு முத்தம். கணவன் விட்டுப் போனவள் அயர்லாந்தின் கிளேரில் அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படிக்கிற லட்சணம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முள்மர மேட்டை ஊரில் ஒருவரும் உழுவதில்லை. அங்கே இருக்கும் மாய இனத்தாரைப் பேர் சொல்லாமல் ‘அவங்க’ என்பார்கள்; ஆளைக் கொண்டுபோய்விட்டு அதே உருவில் அவங்க வந்து உட்கார்ந்துகொள்வார்களாம். டெர்வ்லாவுக்கு ஊரின் பயமும் குப்பை, இந்தப் புத்தகமும் குப்பை.

“என்னடி, உன் ராஜகுமாரன் சட்டையக் கழட்டிட்டானா?”

பதிலுக்கு ஒரு சிரிப்பு. மூச்சே இல்லாத சிரிப்பு.

“இவங்க மேல பூ வாசம் அடிக்குமாம்க்கா. மனுஷப் பொண்ணுக்காக உருகுவாங்களாம்.” யூனாவின் குரல்தான். ஆனால் யூனா அந்தப் புத்தகத்தை ஒருநாளும் ஏளனம் செய்ததில்லை. “எழுதினவளுக்கு வெக்கமே இல்ல. உங்களுக்காக எல்லாம் யாரு உருகுவா?”

டெர்வ்லா எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் யூனாவின் முதுகு. மழையில் போய் வந்தவளின் தலைமுடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. காலடியில் கூடை. காலி. அறை முழுக்கப் பாழுங்கிணற்று வாடை.

அப்போது வெளியே, மழைக்குள்ளிருந்து யூனாவின் குரல்:

“அக்கா! கொட்டகைக் கதவு மாட்டிக்கிச்சு. எவ்வளவு நேரமா கத்துறேன், காது செவிடா உனக்கு? வந்து தொற!”

கத்தி நழுவி விழுந்தது.

நாற்காலியில் இருந்தது திரும்பவில்லை. “கத்தட்டும் விடு,” என்றது.

டெர்வ்லா ஓடினாள். வெறுங்காலில். சேற்றில். கொட்டகைத் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு திறந்தது.

யூனா இல்லை. கட்டிக் குவியல் மட்டும். அதன் அடியிலிருந்து, எங்கோ ஆழத்திலிருந்து, “அக்கா.” கையால் வாரி எறிந்தாள். நகம் பிய்ந்தது. தரை தெரிந்தது. குரல் அதற்கும் கீழே. பிறகு அதுவும் இல்லை.

வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம்.

ஓடி வந்து தட்டினாள். திறக்கவில்லை. ஜன்னலுக்குப் போனாள். விளக்கு வெளிச்சத்தில் அந்த யூனா. எதிரே இன்னொருத்தி. டெர்வ்லா போட்டிருக்கும் அதே சாம்பல் நிறச் சட்டை. டெர்வ்லாவின் முகம்.

கண்ணாடியை அறைந்தாள்.

அந்த முகம் எழுந்து வந்தது. வாசலில் நிற்கும் பிச்சைக்காரியைப் பார்ப்பதுபோல் அவளை மேலும் கீழும் பார்த்தது. உதட்டைச் சுழித்தது. திரைச்சீலையை இழுத்து மூடியது.