உறிஞ்சுகுழாயின் வலை

ஆய்வகத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் செடி செழிப்பாகத்தான் நின்றது. ஆனால் பூச்சி ஒன்றுகூட அதில் இல்லை. அத்தனையும் அவள் நின்ற பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, உணர்கொம்புகளை அவளை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. பட்டினி கிடந்து செத்தாலும் வேறு செடியில் வாய் வைக்காத பிடிவாதக்காரப் பூச்சி அது. அந்தச் செடியின் பிசுபிசுத்த இலையில்தான் சாறு குடிக்கும், அதன் சதைக்குள்தான் முட்டையிடும். குடித்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி விழும்.

இதென்ன கூத்து என்று முனகியபடி அவள் உறிஞ்சுகுழாயை வாயில் வைக்கப் போனாள். ஒரு முனையை வாயால் உறிஞ்சினால் மறுமுனை வழியாகப் பூச்சி குப்பிக்குள் வந்து விழும். வாய்க்குள் போகாமல் நடுவில் ஒரு பொடி வலை தடுக்கும்.

"மேடம், வேணாம்!" ஆய்வகத்தில் கூட வேலை பார்ப்பவர் குழாயைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "வலை கிழிஞ்சு தொங்குது. இத வெச்சா இத்தன நாளா உறிஞ்சிட்டிருந்தீங்க?"

"போனா போகுது, ஜீரணமாயிருக்கும்" என்று சிரித்தாள். சிரிக்கும்போதுதான் உதடு மரத்துக் கிடப்பது தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அடுப்பிலிருந்து இறக்கிய தேநீரை மடமடவென்று குடித்தபோது சூடு தெரியவில்லை. தண்ணீர்க் குழாய் சொட்டும் சத்தமும், பக்கத்து அறையில் மகள் தனக்குத்தானே பாடிக்கொள்ளும் சத்தமும் பஞ்சு வைத்த காதில் விழுவதுபோல் தூரத்தில் கேட்டன. மூக்குக்குள் மட்டும் கசக்கிய இலையின் வாடை விடாமல் வீசிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். உதட்டைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

பிறகு மகள் ஓடி வந்தாள். அப்போதுதான் பயம் வந்தது.

"கிட்ட வராதடி, குட்டிம்மா. அங்கயே நில்லு."

"ஏம்மா? இன்னைக்கு முத்தம் இல்லையா?"

மகள் கன்னத்தைக் காட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். தினமும் முத்தம் வாங்கும் அதே வலது கன்னம்.

அவள் விளக்கைப் போட்டாள்.

வெள்ளைப் புள்ளிகள். மகளின் கன்னத்தில், தன் உதட்டின் அகலத்துக்கு.

"கிள்ளப் போறேன், வலிச்சா சொல்லு" என்று கிட்டே போய்க் குனிந்து கன்னத்தைக் கிள்ளினாள். இன்னும் அழுத்தி. நகம் பதிந்தது. ரத்தம் துளிர்த்தது.

"சீக்கிரம் கிள்ளும்மா" என்று மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்தாள்.

சிரித்தவளின் மூக்குத் துவாரத்திலிருந்து மெல்லிய பச்சை உணர்கொம்புகள் இரண்டு வெளியே வந்தன. காற்றைத் துழாவின. அம்மாவின் பக்கம் திரும்பி நின்றன.