ம் பெட்டி

“மூன்றாவதுக்கு மாறலாமா?” என்று கேட்டது பெட்டி.

“ம்” என்றார் தினகர். கார் லேசாகத் தலையாட்டிவிட்டு மூன்றாவது கியருக்குப் போயிற்று.

இசைவுப் பல்லிணைப்பெட்டி என்பது அதன் சட்டப் பெயர். ஊரில் எல்லாருக்கும் அது ம் பெட்டி. கிளட்ச் மிதிப்பதும் கியர் தள்ளுவதும் உள்ளே இருக்கும் இயந்திரக் கையின் வேலை. ஓட்டுபவர் சம்மதம் சொன்னால் போதும். விபத்து நடந்தால் கியரை மாற்றியது மனிதனா இயந்திரமா என்று நீதிமன்றங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு இது. சம்மதத்துக்கு எந்தச் சொல்லை வைப்பது என்று தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் யோசித்து, எல்லாருக்கும் சுலபமாக வாயில் வருவது ‘ம்’தான் என்று முடிவு செய்தார்கள். ம் என்றால் ஆமாம் என்று அந்த மேதாவிகளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

இடது முழங்கால் தேய்ந்துபோன தினகர் கார் வாங்கப் போனபோது, பொத்தானை அழுத்திச் சம்மதம் சொல்லும் மாடலும் கடையில் இருந்தது. “தனியா ஓட்டறவங்களுக்கு அதுவே போதும் சார்” என்றான் விற்பனைப் பையன். தினகர் பேசும் மாடலைத்தான் வாங்கினார். மனைவி போன பிறகு கோத்தகிரி வீட்டில் அவரிடம் எதையும் கேட்க ஆள் இல்லை. இது கேட்டது. காரணம் அவ்வளவுதான். அதை யாரிடமும் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

இன்று மகள் யாழிசை வந்திருந்தாள். மேட்டுப்பாளையத்தில் அவளை ஏற்றிக்கொண்டு மலையேறினார். முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தவள், இரண்டு வளைவு தாண்டியதும் வாயைத் திறந்தாள்.

“அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“ம்” என்றார்.

வளைவுக்கு முன்பே மூன்றாவதுக்குக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த பெட்டி, சம்மதம் வந்துவிட்டதென்று கொண்டை ஊசி வளைவிலேயே மூன்றாவதுக்குத் தாவியது. வண்டி திணறி, நின்று, பின்னால் உருண்டது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்துத் திட்டினான். தினகர் பிரேக்கை மிதித்து எப்படியோ சமாளித்தார்.

“வண்டி அப்படித்தான். நீ சொல்லும்மா” என்று சொல்லிவிட்டு உதடுகளை இறுக்கிக்கொண்டார்.

“அந்த வீட்ல செவுத்துகிட்ட பேசற மாதிரி இருக்குதுப்பா. நான் என்ன சொன்னாலும் அவரு காதுலயே வாங்கறதில்ல.”

தொண்டை வரை வந்த ம்மை விழுங்கினார்.

“ஆறு மாசமா யோசிச்சுப் பாத்துட்டேன்.”

தலையை ஆட்டினார். அவள் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘சரி’ என்று சொல்லலாம்தான். புருஷனைப் பற்றி மகள் இப்படிச் சொல்லும்போது அப்பன் சரி என்றால் அது தீர்ப்பாகிவிடும். ‘அப்படியா’ என்றால் நம்பாததுபோல் இருக்கும். கியர் கதையைச் சொல்லி அவள் பேச்சை நடுவில் அறுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. நிறுத்தலாமென்றால் ஓரத்தில் இடமே இல்லை, பின்னால் அந்த லாரி.

“அதனால இங்கேயே வந்து உங்ககூட…” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். “கேக்கறீங்களாப்பா?”

அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது. அவர் வேகமாகத் தலையாட்டினார். அவள் திரும்பவே இல்லை.

“ஒண்ணுமில்ல விடுங்க” என்றாள்.

மலைமேல் முதல் டீக்கடையில் காரை நிறுத்தி, “என்னமோ சொல்ல வந்தியேம்மா?” என்று கேட்டார். “இங்க குளிரு ஜாஸ்தியா இருக்குன்னேன்” என்றாள் யாழிசை. இங்கேயே இருந்துவிடேன் என்று சொல்ல அவருக்கு ஆசை. ஆனால் அவள் கேட்காததை எப்படிக் கொடுப்பது? மாட்டேன் என்று சொல்ல மாட்டாளா என்ற நப்பாசையில் வேறு ஒன்றைக் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுரட்டுமா?”

அவள் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆவியையே பார்த்திருந்தாள்.

“ம்” என்றாள்.

அவள் பிறந்ததிலிருந்து அவளுடைய ம்களைக் கேட்டு வளர்த்தவர் அவர். அழுகையை அடக்கும் ம், கோபத்தில் வரும் ம், எல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருந்த காலம் உண்டு. ஆனால் கார் வாங்கிய இந்த ஒரு வருஷமாக அவருக்குத் தெரிந்த ம் ஒன்றே ஒன்றுதான். சம்மதம் கிடைத்துவிட்டது. அங்கேயே நின்று டிக்கெட் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் கிளம்பிய பிறகு காரில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து சீட்டைப் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

“இரண்டாவதுக்கு மாறலாமா?” என்றது பெட்டி.

வீடு வரைக்கும் அது கேட்டுக்கொண்டே வந்தது. அவரும் ம் கொட்டிக்கொண்டே வந்தார்.